அறையை அளந்தோம், ஆளை அளந்தோமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயந்திர பூஜை முடிஞ்சு வீட்டுக்குப் போய் நிதானமா படிங்க. விஷயம் மெத்தை விஷயம். கோயில் பக்கத்துல மெத்தையைப் பத்தி என்ன பேச்சுன்னு நினைக்காதீங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல இதைத்தான் முடிவு பண்ணப் போறாங்க. அதுக்கு முன்னால தொண்டர்கள் நாங்க என்ன நினைக்கிறோம்னு உங்களுக்குச் சொல்லிடணும்.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால கோயில் பின்பக்கம் உள்ள தங்கும் அறைகளைச் சரிபண்ணிக்கிட்டு இருக்கோம். உங்கள்ல பல பேர் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டீங்க. மடப்பள்ளி தாண்டி, ஸ்டோர் ரூம் தாண்டி, மூணு சின்ன அறை. நாதஸ்வரம் வாசிக்கிறவங்க ரெண்டு பேர், தவில் ரெண்டு பேர், உதவி குருக்கள் ஒருத்தர், மடப்பள்ளியில சமைக்கிறவர் ஒருத்தர். மொத்தம் ஆறு பேர் அங்கதான் படுக்கிறாங்க. எல்லாரும் தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்க. காலையில நாலரை மணிக்கு நாம தூங்கிக்கிட்டு இருக்கும்போது சாமியை எழுப்புறது அவங்கதான்.

நல்ல மனசுள்ள ஒரு உபயகாரர் ஆறு மெத்தை வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அவருக்கு நன்றி. பிரச்சனை உபயத்துல இல்ல, அறையோட நீளத்துல. தண்ணித் தொட்டியைத் தாங்குற தூண் சுவருக்குள்ள துருத்திக்கிட்டு நிக்குது. அதனால கட்டில் போடுற பக்கம் 6 அடி 5 அங்குலம்தான் கிடைக்குது. அதாவது 77 அங்குலம். கடையில விக்கிற சாதாரண சிங்கிள் மெத்தை நம்ம நாட்டுல 36 அங்குல அகலம், 75 அங்குல நீளம். மெத்தை மட்டும்னா உள்ள போயிடும். ஆனா தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் பலகை வச்ச கட்டில்னா மொத்த நீளம் 80 அங்குலம் ஆயிடும். போகாது.

அதனால நிர்வாகத்துல ஒரு யோசனை வந்துச்சு. 74 அங்குலத்துல சின்னக் கட்டில் அடிச்சு, அதுக்குள்ள 69 அங்குலத்துக்கு ஸ்பாஞ்ச் மெத்தையை வெட்டிப் போட்டுடலாம்னு. வாட்ஸ்அப் குழுவுல பத்து பேர் கைகூப்பு போட்டு ஆதரவு கொடுத்தாங்க. உண்மையைச் சொல்லிடுறோம், அந்தப் பத்து பேர்ல நாங்களும் இருந்தோம்.

மறுநாள் விலை கேக்கப் போனோம். நாங்க எப்பவும் போற சீனர் கடை. தவுக்கேக்கு வயசு எழுபதுக்கு மேல இருக்கும். மெத்தையை 69-ல வெட்டணும், ஆறு வேணும்னு சொன்னோம். அவரு பேனாவை எடுக்கல. "சியாப்பா தீடூர்? தீங்கி பெராபா?" அப்படின்னாரு. யார் படுக்கப் போறது, உயரம் எவ்வளவுன்னு கேக்குறாரு.

எங்ககிட்ட பதில் இல்ல.

அறையை மூணு தடவை அளந்தோம். தூணை அளந்தோம். கதவை அளந்தோம். மோட்டார் போடற இடத்தைக்கூட அளந்தோம். அந்த மெத்தையில படுக்கப் போற மனுஷனை அளக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. விலைச்சீட்டு வாங்காமலேயே திரும்பி வந்துட்டோம்.

இந்த விஷயத்துல நாங்க அமைதியா இருக்க முடியாததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே தப்பை ஆறு வருஷத்துக்கு முன்னால நாங்களே செஞ்சிருக்கோம்.

அப்ப ஒரு இடத்துல பழைய இரும்புக் கட்டில்கள் இலவசமா கிடைச்சுது. ரெண்டடுக்குக் கட்டில். சந்தோஷமா லோரியில ஏத்திக்கிட்டு வந்தோம். உள்ளளவு 69 அங்குலம்தான். அதுக்கேத்த மாதிரி மெத்தையை வெட்டிப் போட்டோம். சுத்தமா இருந்துச்சு, படம் எடுத்துப் பதிவும் போட்டோம். அந்த வருஷம் வந்த தவில் தம்பி 5 அடி 10 அங்குலம். 70 அங்குலம் உள்ள ஆளு 69 அங்குல மெத்தையில. கால்மாட்டுல இரும்புக் கம்பி.

ரெண்டு மாசத்துல அவரு பாயைச் சுருட்டிக்கிட்டு மண்டபத்துக்கு வந்துட்டாரு. ஏன் தம்பின்னு கேட்டோம். "உள்ள புழுக்கமா இருக்குண்ணே, இங்க காத்து நல்லா வருது"ன்னாரு. நாங்களும் நம்பிட்டோம். நம்பினதோட நிறுத்தல. "பாருங்க, மெத்தை கொடுத்தாலும் சாமி சந்நிதியில பாய் போட்டுப் படுக்குறாரு, எவ்வளவு எளிமையான பிள்ளை"ன்னு எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொன்னோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியறை பூஜை முடிஞ்சு சாவி வாங்கப் போனப்பதான் பார்த்தோம். படியில உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு கணுக்காலுக்குப் பின்னாலயும் தோல் கறுத்து, காய்ப்பு காய்ச்சுப் போயிருந்துச்சு. கட்டில் கம்பி பட்ட இடம். ஏன் தம்பி சொல்லலன்னு கேட்டதுக்கு, "பழகிடுச்சுண்ணே"ன்னு சிரிச்சாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.

அவரு ஏன் பேசலன்னு நாம கொஞ்சம் யோசிக்கணும். அவரு பெர்மிட் நம்ம கோயில் பேர்ல இருக்கு. அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடுறதா வேணாமான்னு முடிவு பண்றது நாம. ஊர்ல குடும்பம் அவரு அனுப்புற காசை நம்பி இருக்கு. அப்படிப்பட்ட ஒருத்தர் வந்த இடத்துல "மெத்தை பத்தலண்ணே"ன்னு சொல்வாரா? சொல்ல மாட்டாரு. அவரு வாய் திறக்காததை வச்சு அவருக்கு வசதியா இருக்குன்னு நாம முடிவு பண்ணிக்கிட்டோம். அந்தத் தம்பி ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாரு. அவருகிட்ட மன்னிப்புகூடக் கேக்கல. இந்தப் பதிவை எங்கயாவது படிச்சா, தம்பி, எங்களை மன்னிச்சிடுங்க.

சரி, ஒருத்தருக்கு எவ்வளவு நீளம் வேணும்? இதுக்குப் பெரிய படிப்பு வேணாம். நீங்களே இன்னைக்கு ராத்திரி படுத்துப் பாருங்க. நிக்கும்போது பாதம் தரையில மடங்கி இருக்கு. மல்லாந்து படுத்தா பாதம் முன்னால சாயும், விரல் நீளும். குப்புறப் படுத்தா இன்னும் நீளும். தலையணையை சுவரோட ஒட்டி வச்சாலும் தலை அதுக்கு நடுவுலதான் இருக்கும், மேல ரெண்டு மூணு அங்குலம் போயிடும். இதையெல்லாம் சேர்த்துத்தான், ஆளோட உயரத்துக்கு மேல குறைஞ்சது 4 அங்குலமாவது, முடிஞ்சா 6 அங்குலம் மெத்தை இருக்கணும்னு சொல்றாங்க. தவுக்கேயும் அந்தக் கணக்குதான் சொன்னாரு.

அந்தக் கணக்கோட திரும்பி வந்து, ஸ்டோர் ரூம் கதவு நிலையில சின்னப் பிள்ளைங்களை நிக்க வைக்கிற மாதிரி ஆறு பேரையும் நிக்க வச்சு பென்சில்ல கோடு போட்டோம். அவங்களுக்கு ஒரே சிரிப்பு. எதுக்குன்னு கேட்டாங்க, மெத்தைக்குன்னு சொன்னதும் சிரிப்பு நின்னு போச்சு. யாரும் இதுவரைக்கும் அப்படி அளந்ததில்லையாம்.

அளவு இதுதான். 5 அடி 3, 5 அடி 5, 5 அடி 6 ரெண்டு பேர், 5 அடி 8, 5 அடி 11. ஒவ்வொண்ணோடயும் 6 அங்குலம் கூட்டுங்க. 69, 71, 72, 72, 74, 77. நாம வெட்டலாம்னு நினைச்ச 69 அங்குலம் ஆறு பேர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் சரியா வருது. உயரமான நாதஸ்வரக்காரருக்கு கடையில விக்கிற முழு மெத்தையே இறுக்கம்தான், உயரத்துக்கு மேல 4 அங்குலம்தான் மிச்சம். அதுலயும் 6 அங்குலம் வெட்டினா அவரு உயரத்தை விட மெத்தை ரெண்டு அங்குலம் குட்டை. தெரு ஊர்வலத்துல மணிக்கணக்கா நின்னுக்கிட்டே ஊதுறவரு அவரு. படுக்கும்போதாவது காலை நீட்ட வேணாமா?

இதைப் படிக்கிறவங்க "அப்ப குட்டை மெத்தையே தப்பா?"ன்னு கேக்கலாம். இல்ல. அதையும் சொல்லிடுறோம், ஏன்னா நாங்களே ஒரு குட்டை மெத்தை வெட்டிக் கொடுத்திருக்கோம். அது நல்ல காரியமா முடிஞ்சுது.

நம்ம கோயில்ல பல வருஷமா பூக்கட்டின பாட்டியை எல்லாருக்கும் தெரியும். இப்ப மகள் வீட்டுல இருக்காங்க. 4 அடி 9 அங்குலம். அறையில கட்டில் கால்மாட்டுக்கும் அலமாரிக்கும் நடுவுல 18 அங்குலம்தான் வழி. பாட்டி வாக்கர் பிடிச்சு நடக்கிறவங்க. ராத்திரி பாத்ரூம் போகணும்னா வாக்கரை விட்டுட்டு சுவரைப் பிடிச்சுத்தான் அந்த இடத்தைத் தாண்டணும். ஒரு தடவை விழுந்தும் இருக்காங்க. மகள் எங்ககிட்ட சொன்னப்ப, பாட்டி உயரம் 57 அங்குலம், 6 கூட்டினா 63, ஒரு 66 அங்குலம் தாராளம்னு கணக்குப் போட்டோம். கட்டிலையும் மெத்தையையும் 9 அங்குலம் குறைச்சோம். 18 அங்குல வழி 27 ஆச்சு. வாக்கர் நேரா போகுது. பாட்டிக்குக் கால்மாட்டுல இன்னமும் இடம் மிச்சம் இருக்கு.

பாட்டி விஷயத்துல ஒண்ணு கத்துக்கிட்டோம். வயசானவங்களுக்கு நீளத்தை விட உயரம் முக்கியம். கட்டில் ஓரத்துல உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தரையில பதியணும், முழங்கால் நேரா மடங்கணும். அழகுக்குன்னு தடிமனான மெத்தையை உயரமான கட்டில்ல போட்டா குட்டையான பாட்டிங்க இறங்கும்போது வழுக்கிடுவாங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா இன்னைக்கே பாருங்க.

இன்னொண்ணு. மெத்தையை மட்டும் வெட்டிட்டுப் பழைய நீளக் கட்டில்லயே போடாதீங்க. கால்மாட்டுல பள்ளம் விழும். போர்வை போகும், கைப்பேசி போகும், பிள்ளைங்க காலும் போகும். குறைச்சா கட்டிலையும் சேர்த்துக் குறைக்கணும். ஸ்பாஞ்ச் மெத்தையை வெட்டலாம், ஸ்பிரிங் மெத்தையை வெட்டக்கூடாது. அதுக்குள்ள சுத்தி வர கம்பிச் சட்டம் இருக்கு, வெட்டினா எல்லாம் பிரிஞ்சிடும். கடையில வாங்குற எலாஸ்டிக் வச்ச பெட்ஷீட்டும் சரியா நிக்காது, தைச்சுத்தான் ஆகணும்.

பாட்டிக்குச் சரியா இருந்தது மேளக்காரங்களுக்கு ஏன் சரியில்ல? பாட்டி மெத்தை பாட்டிக்காக வெட்டினது. யார் படுக்கப் போறாங்கன்னு தெரியும், அவங்க இனிமே வளரப் போறதில்ல, அந்த மெத்தையில வேற யாரும் படுக்கப் போறதில்ல. கோயில் அறை அப்படி இல்ல. இந்த வருஷம் 5 அடி 3 உள்ளவர் படுப்பாரு, அடுத்த வருஷம் 6 அடி ஆள் வருவாரு. ஆள் மாறுவாங்க, மெத்தை மாறாது. நாம மாத்தவும் மாட்டோம். உபயத்துல வந்த மெத்தை கிழியிற வரைக்கும் அங்கதான் கிடக்கும். ஆள் மாறிக்கிட்டே இருக்குற இடத்துல முழு அளவுக்குக் குறைஞ்சு போடக்கூடாது. வளர்ற பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். இப்ப பத்துதேன்னு குட்டை மெத்தை வாங்கினா பதினாலு வயசுல காலு வெளிய வந்துடும்.

இனி குழுவுல வந்த எதிர்க்கருத்துகளுக்கு வர்றோம். யாரையும் குறை சொல்ல இல்ல, எல்லாரும் கோயில் நல்லதுக்குத்தான் பேசுறாங்க.

"ஊர்ல 72 அங்குல மெத்தைதானே எல்லாரும் வாங்குறாங்க"ன்னு ஒரு அண்ணன் எழுதினாரு. உண்மைதான், தமிழ்நாட்டுல 6 அடி மெத்தை சாதாரணமா விக்குது. ஆனா அங்கயே 75, 78 அங்குலமும் விக்குது, உயரமானவங்க பார்த்து வாங்கிக்கலாம். நாம பேசுறது 72 இல்ல, 69. அதோட ஊர்ல அவங்க வீட்டுல அவங்க கட்டில் அவங்க தேர்ந்தெடுத்தது. இங்க நாம தேர்ந்தெடுக்கிறோம். பொறுப்பும் நம்மளோடதுதான்.

"நாமெல்லாம் தோட்டத்துல பாய்ல படுத்து வளர்ந்தவங்கதானே"ன்னு இன்னொருத்தர். ஆமா. எங்க அப்பா அம்மாவும் லயத்து வீட்டுல பாய்லதான் படுத்தாங்க. விடியுறதுக்கு முன்னால எழுந்து போய் பால் வெட்டினாங்க. அந்தப் பால்லதான் இன்னைக்கு லாடெக்ஸ் மெத்தை செஞ்சு ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விக்கிறாங்க. பால் வெட்டினவங்க அதுல ஒருநாள்கூடப் படுத்ததில்ல. ஆனா ஒண்ணு, பாய் குட்டையா இருந்தா கால் தரையில நீளும். கட்டில் குட்டையா இருந்தா கால் கம்பியில முட்டும். பாய்க்கு எல்லை கிடையாது. அதனாலதான் அந்தத் தவில் தம்பி பாயைத் தேடிப் போனாரு. நம்ம பெத்தவங்க பட்ட கஷ்டத்தை இன்னொருத்தருக்கு அளவுகோலா வைக்கிறது நியாயம் இல்ல.

"கடைசியில எல்லாருக்கும் ஆறடிதானே"ன்னு ஒரு பெரியவர் வேடிக்கையா எழுதியிருந்தாரு. சிரிச்சோம். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 69 அங்குலம்னா அஞ்சே முக்கால் அடி. செத்தவனுக்கே ஆறடி, உயிரோட இருக்குறவனுக்கு அஞ்சே முக்காலா?

"காசு மிச்சம்"னு பொருளாளர் அண்ணன் சொன்னாரு. அவரு வேலை அது, கேட்டுத்தான் ஆகணும். தவுக்கேகிட்ட மறுபடியும் போய்க் கேட்டோம். கடையில தயாரா இருக்குற 75 அங்குல மெத்தைக்கும் வெட்டி எடுக்குற 69-க்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வெட்டுக்கூலி, உறை தைக்கிற கூலி சேர்த்தா மிச்சம்னு சொல்ல ஒண்ணும் நிக்கல. காசுக்காகன்னு சொல்லி இதைச் செய்ய முடியாது.

இன்னொரு விஷயம், இது எங்க வேலையில இருந்து தெரிஞ்சது. நாங்க ஃபேக்டரி சூப்பர்வைசர் வேலை. ஹோஸ்டலையும் நாங்கதான் பார்த்துக்கிறோம். நம்ம நாட்டுல தொழிலாளர் தங்குமிடத்துக்குன்னு 1990-ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு. 446-ஆம் சட்டம்னு சொல்வாங்க. முதல்ல அது தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும்தான். நம்ம அப்பா அம்மா இருந்த லயத்து வீடுகளுக்கு. 2019-ல திருத்தி, 2020 ஜூன் 1-ல இருந்து மத்த துறைகளுக்கும் கொண்டு வந்தாங்க. அதன் விதியில தொழிலாளிக்கு என்னென்ன கொடுக்கணும்னு அளவோட போட்டிருக்கு. ஒரு ஆள் கட்டில் 1.7 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. மெத்தை 4 அங்குல தடிமனுக்குக் குறையக்கூடாது. தலையணை, போர்வை கொடுக்கணும். பூட்டு போடுற அலமாரி கொடுக்கணும்.

இப்ப படுக்கிற இடத்தை மட்டும் வச்சுக் கணக்குப் போடுங்க. 36 அங்குலத்துக்கு 75 அங்குலம்னா சுமார் 1.74 சதுர மீட்டர். கரையைத் தொட்டுக்கிட்டு நிக்குது. 72 அங்குலமா குறைச்சா 1.67. கீழ போயிடுச்சு. 69 அங்குலம்னா 1.6 தான். மூணு அங்குலம் வெட்டினாலே அந்த அளவுக்குக் கீழ இறங்கிடுறோம்.

கோயிலை ஃபேக்டரியோட ஒப்பிடாதீங்கன்னு சொல்வீங்க. ஒப்பிடல. ஆபீசர் வந்து அளப்பாருன்னு பயமுறுத்தவும் இல்ல. லாபத்துக்காக ஓடுற ஃபேக்டரியில ஸ்க்ரூ முறுக்குற தொழிலாளிக்கு நாங்க முழு மெத்தை போட்டுக் கொடுக்குறோம். தர்மத்துக்காக நடக்குற கோயில்ல சாமி முன்னால வாசிக்கிறவருக்கு அதை விடக் குட்டையாவா போடுறது? பகல்ல ஹோஸ்டல்ல ஒரு அளவு, சாயந்திரம் கோயில்ல ஒரு அளவுன்னு எங்களால இருக்க முடியல. அவ்வளவுதான்.

அப்ப அறை 77 அங்குலம்தானே, என்ன பண்றதுன்னு கேப்பீங்க. வழி இருக்கு, அளந்து பார்த்துட்டுத்தான் சொல்றோம்.

இடத்தைச் சாப்பிடுறது மெத்தை இல்ல, கட்டிலோட தலைப்பலகையும் கால்பலகையும்தான். ரெண்டையும் எடுத்துட்டா 75 அங்குல மெத்தை 77 அங்குல இடத்துல உட்காரும். கட்டிலே வேணாம். சுவருக்குச் சுவர் சட்டம் அடிச்சு, அது மேல மெராந்திப் பலகை போட்டு மேடை மாதிரி செஞ்சிடலாம். பலகைக்குப் பலகை ரெண்டு அங்குலம் இடைவெளி விடணும். நம்ம ஊரு ஈரத்துல காத்து போகலன்னா மெத்தை அடியில பூஞ்சை பிடிச்சிடும். மிச்சம் உள்ள ரெண்டு அங்குலம் பெட்ஷீட் செருகுறதுக்கும் சுவரோட ஈரம் ஒட்டாம இருக்கிறதுக்கும் சரியா இருக்கும். நம்ம தொண்டர்கள்ல தச்சு வேலை தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்னு சொல்றாங்க. உயரமான நாதஸ்வரக்காரருக்குக் கால்மாட்டுல பலகை இல்லாததே பெரிய உதவி, பாதம் கம்பியில முட்டாது.

அடுத்து கதவு. மூணு கதவும் உள்பக்கம் திறக்குது. கீலை மாத்தி வெளிப்பக்கம் திறக்க வச்சா உள்ள அலமாரி வைக்க இடம் கிடைக்கும். இப்ப தரையில இருக்குற அலமாரியைக் கால்மாட்டுக்கு மேல சுவர்ல தூக்கி மாட்டலாம், கால் அதுக்குக் கீழ நீளும். திசையைப் பத்தியும் கேட்டாங்க. பலகை மேடைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், தலையணையை எந்தப் பக்கம் வேணாலும் போட்டுக்கலாம். வடக்கே மட்டும் தலை வைக்க வேணாம்.

இதெல்லாம் செஞ்சும் இடம் பத்தலன்னா அறைக்கு ரெண்டு பேர்ங்கிறதை யோசிக்கணும், இல்ல வேற இடம் பார்க்கணும். மெத்தையை வெட்டுறது கடைசி வழியாக்கூட இருக்கக்கூடாது. செருப்பு சின்னதுன்னு காலைத் தறிப்பாங்களா?

பக்தர்கள்கிட்டயும் நிர்வாகத்துகிட்டயும் நாங்க கேக்குறது மூணு. ஒண்ணு, ஆறு பேருக்கும் முழு 75 அங்குல மெத்தை, நாலு அங்குல தடிமனுக்குக் குறையாம. ரெண்டு, வாங்குறதுக்கு முன்னால கூட்டத்துக்கு அவங்கள்ல ஒருத்தரையாவது கூப்பிட்டு உட்கார வச்சுக் கேக்கணும். கேட்டா "எதுவா இருந்தாலும் பரவாயில்லண்ணே"ன்னுதான் சொல்வாங்க. அதனால மூணாவது, அவங்க பதிலை மட்டும் நம்பாம டேப் வச்சு அளக்கணும். இனிமே யார் புதுசா வந்தாலும் அந்தக் கதவு நிலையில ஒரு பென்சில் கோடு.

உங்க வீட்டுல வேலைக்குத் தங்கி இருக்கிறவங்க, மாடிப்படிக்குக் கீழ அறை கொடுத்திருக்கிற மாமியார் மாமனார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, இவங்க மெத்தையையும் ஒரு தடவை பாருங்க. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெதுவா கதவைத் திறந்து எப்படிப் படுத்திருக்காங்கன்னு பாருங்க. சுருண்டு படுத்திருந்தா குளிராத்தான் இருக்கணும்னு இல்ல.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சிடுறோம். நம்ம பள்ளியறை ஊஞ்சல்ல ஒரு மெத்தை இருக்கு. போன வருஷம் ஒரு அம்மா உபயமா தைச்சுக் கொடுத்தாங்க. ரெண்டரை அடிகூட இல்ல, கோயில்லயே குட்டையான மெத்தை அதுதான். அதைத் தைக்கிறதுக்கு முன்னால அந்த அம்மா மூணு நாள் வந்து நூல் வச்சு அளந்தாங்க. சாமிக்கு ஒரு விரல் அளவுகூட இடிக்கக்கூடாதுன்னு இலவம்பஞ்சைத் திரும்பத் திரும்ப அடைச்சாங்க. குட்டையா இருந்தாலும் யாருக்காகத் தைச்சாங்களோ அவங்களுக்குச் சரியா இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி சாமியை அந்த மெத்தையில படுக்க வச்சு, பால் நைவேத்தியம் பண்ணி, கதவைச் சாத்துறதுக்கு முன்னால தாலாட்டு வாசிக்கிறது அந்த நாதஸ்வரக்காரர்தான். வாசிச்சு முடிச்சு உறையில போட்டு எடுத்துக்கிட்டு அவரு பின்பக்கம் நடந்து போறாரு.

அவரு போய்ப் படுக்குற இடத்தையும் நூல் வச்சு அளப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். முடிஞ்சவங்க வாங்க. வர முடியாதவங்க உங்க கருத்தைக் கீழ எழுதுங்க, கூட்டத்துல படிச்சுக் காட்டுறோம். எங்க கருத்து தப்புன்னா அதையும் சொல்லுங்க, ஏத்துக்கிறோம். ஆனா சொல்றதுக்கு முன்னால ஒரு தடவை பின்பக்கம் வந்து அந்த அறையைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

எல்லாருக்கும் நல்ல தூக்கம் கிடைக்கட்டும்.

உங்கள் கோயில் தொண்டர்கள்